காற்றை நிறுத்து

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பல் மருத்துவரின் வரவேற்பறையில் பக்கத்து நாற்காலிப் பெண் சொன்னது. தோழிக்கு நடந்தது என்றாள். நடுவில் இரண்டு முறை 'என் அக்கா' என்று வாய் தவறியதால் நான் அதை நம்பவில்லை. முடிவுக்கு வருவதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அன்று வெயில் கொளுத்திக்கொண்டி—'

(வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலையில்லை.)

2

வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாசக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம். திரையில் வரும் வாக்கியங்களைப் பல மொழிகளில் சேமித்து, கேட்ட மொழியில் எடுத்துக் கொடுப்பது அந்தத் 'தோழி'யின் பொறுப்பு. நிரலில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பெயர். அந்தப் பெயரின் கீழ் எல்லா மொழிகளும். கருவியை அணைக்கும் பொத்தானிலும், குழாய் கழன்றால் வரும் எச்சரிக்கையிலும் ஆங்கிலத்தில் 'ஏர் ஸ்டாப்' என்ற ஒரே சொற்கள்தாம். எதற்கு இரண்டு என்று இரண்டையும் ஒரே பெயரில் போட்டுவிட்டாள்.

அன்று மொழிபெயர்ப்பாளர் போன் செய்தார். (இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை. இவர் கேட்டிராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.)

"இது பட்டன்னு நினைச்சு 'காற்றை நிறுத்து'ன்னு போட்டேன். எச்சரிக்கைக்கும் இதேதான் வருதா? அங்க 'காற்று நின்றுவிட்டது'ன்னுல்ல வரணும்?"

அவள் அக்காவின் எண்ணைத் தேடினாள். அக்கா வீட்டில் அத்தானின் கட்டிலருகே இருப்பதும் அதே கருவி. அக்காவுக்கு ஆங்கிலம் வராதென்று போன வாரம் திரையைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தவளும் அவளேதான்.

3

அக்கா போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் செருப்பை மேசைக்கடியில் விட்டுவந்தது தெரிந்தது. கழன்ற குழாய், அதைப் பார்த்து நிற்கும் அக்கா என்று மனம் என்னென்னவோ காட்டியது.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கருவியின் சத்தம் இல்லை. அத்தான் கட்டில் கம்பியைப் பிடித்தபடி வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். குழாய் தரையில் கிடந்தது.

வந்தவள் குழாயை மாட்டிக் கருவியை ஓடவிட்டாள். அத்தானின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மெல்ல உதட்டில் நிறம் திரும்பியது.

அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நிறுத்துன்னு போட்டுச்சுடி. எனக்கு மனசே வரல. ஆனா எழுதினவங்க தெரியாமலா எழுதியிருப்பாங்கன்னுதான் அணைச்சேன்."

4

'நான்தான்க்கா எழுதினேன்' என்று அவள் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். அக்காவின் முகத்தை எழுத வரவில்லை. அடித்துவிட்டேன்.

சொல்லாமல், மற்ற வீடுகளுக்குச் சொல்லுங்கள் என்று அலுவலகத்துக்கு மட்டும் போன் செய்வதாக இன்னொன்று. அதில் அக்கா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து, "நீ வந்ததாலதான் பிழைச்சாரு" என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அத்தான் பிழைத்துக்கொண்டார், அதுவரை எனக்கு நிச்சயம். அந்தக் கருவி வேறெந்த வீடுகளில் தமிழ் பேசுகிறது என்று எனக்குத் தெரியாது. அக்கா இன்னும் அவள் கையை விடவில்லை. அவள் வாயைத் திறக்கிறாள். என்ன சொல்ல வைப்பீர்கள்?