தாளாளரின் இடது செருப்பு

எங்கள் பள்ளித் தாளாளர் மந்திரமூர்த்திக்கு ஒரு யோசனை வந்தால் தலைவலி எனக்குத்தான். இந்த முறை எல்கேஜி பிள்ளைகளுக்குப் பளியர் பழங்குடிச் சமையல் விழாவாம். இருபது பேருக்கும் பச்சை சார்ட்டில் இலை உடுப்பு வெட்டி, கத்தரிக்கோல் பிடித்த விரல் காய்த்துப்போனது.

சமைக்க வந்தவள் மீனா. குற்றாலத்துக்கு மேலே பளியர் குடியிருப்பு. தேய்த்த சேலை, ஸ்கூட்டி, பின்னால் குக்கர், முன்னால் நாலு வயது மகள் சுப்பு. சுப்புவுக்கு இங்கே சீட் தருவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். மீனா வந்ததே அதற்காகத்தான்.

"என்ன டீச்சர், இந்தம்மா பளியர் மாதிரியே இல்லையே? குக்கரையாவது மறைங்க, போட்டோல விழுது" என்றார் தாளாளர், வாசலில் நின்றபடியே.

மீனா காட்டு வள்ளிக்கிழங்கின் தலைப்பக்கத்தை மட்டும் வெட்டி, முற்றத்து மண்ணில் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டாள். "வேணுங்கிறத எடுத்துக்கிட்டு, கொஞ்சத்த மண்ணுக்கே குடுத்துரணும். அப்பதான் அடுத்த வருசமும் கெடைக்கும்."

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். என் பாடத்தை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

தாளாளர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவித்த கிழங்கோடு பதினாறு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு சீட்டு..." என்றாள் மீனா.

"அடுத்த வருசம் பாப்போம்மா."

மீனா குக்கரைக் கழுவப் போனாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்குக்குக் கிளம்பிய தாளாளர் வாசலில் நின்று கத்தினார். இடது செருப்பைக் காணோம். முற்றம் முழுக்கக் குச்சிகள். பிள்ளைகள் ரப்பர், டிபன் மூடி, பாதி இட்லி என்று கிடைத்ததையெல்லாம் நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, என் செருப்ப எங்கலே?"

"அடுத்த வருசம் கெடைக்கும் சார்!" என்றது மொத்த வகுப்பும்.

எல்லாவற்றுக்கும் அடையாளக் குச்சி நட்டவள் சுப்பு. எதன் கீழே எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். தாளாளர் ஒற்றைச் செருப்போடு அவள் முன்னால் குந்தினார். "ஏட்டி, சொல்லு தாயி. சீட்டு இப்பவே தாரேன்."

நான் அட்மிஷன் பாரத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

சுப்பு நேராகப் போய்ச் செருப்பைத் தோண்டி எடுத்தாள். என் கத்தரிக்கோலால் பெருவிரல் வாரை மட்டும் நறுக்கிக் குழிக்குள் திரும்ப வைத்து, மண்ணை மூடினாள். மிச்சத்தை அவரிடம் நீட்டினாள்.

"அடுத்த வருசமும் வேணும்லா சார்?"