வேலுக்கு நேர்ந்த ஆட்டம்

கீரிப்பாறைக்கும் மேலே, மலையில், ஒரு வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த தாணுலிங்கம் ஒரு ரக்பி ஆட்டத்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணால் காண்கிறவன் ஒரு தடவைதான் காண்கிறான். தாணுலிங்கமோ மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினால் போதும், ரப்பர் மரங்களுக்கு நடுவே, மூடுபனிக்குள், பக்கத்துக்குப் பதினைந்து பேராக ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தப் பைத்தியத்தை அவருக்கு ஒட்டவைத்தவர் எஸ்டேட் டிஸ்பென்சரியின் கம்பவுண்டர் மத்தியாஸ். சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து இத்தாலி வரைக்கும் போய்வந்த மனிதர். அங்கே காயம் ஆறிய சிப்பாய்கள் சேற்றில் புரண்டு ரக்பி ஆடியதை நேரில் பார்த்தவர். அவருடைய வார்டில் கிடந்த ஓர் அயர்லாந்துக்காரன் காய்ச்சல் பிதற்றலிலும் தன் நாட்டு ஆட்டக்காரர்களின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தானாம். அன்று முதல் மத்தியாஸ் அயர்லாந்துக் கட்சி.

பந்து எப்படி இருக்கும் என்று தாணுலிங்கம் கேட்டதற்கு, மத்தியாஸ் டிஸ்பென்சரிக்குப் பின்னால் கிடந்த உரிக்காத தேங்காய் ஒன்றை எடுத்து வந்து காட்டினார்.

“இதே உருவம்தான். இதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு முன்னால ஓடணும். ஆனா கூட்டாளிக்குக் குடுக்கணும்ண்ணா, பின்னால வாறவனுக்குத்தான் குடுக்கணும். முன்னால நிக்கவனுக்கு எறியப்பிடாது.”

“முன்னால போறதுக்குப் பின்னால எறியணுமா?”

“அதாம்வே ஆட்டம்.”

எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைக் கொண்டுபோய் மண்ணில் பதித்தால் மூன்று புள்ளி, அதற்குப் பெயர் ‘ட்ரை’ என்றும் மத்தியாஸ் சொன்னார். தாணுலிங்கம் ஆபீஸ் அகராதியைப் புரட்டினார். முயற்சி என்று போட்டிருந்தது. முயற்சி செய்ததற்கே மூன்று புள்ளி தருகிற ஓர் ஆட்டம் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த அன்று அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அவருக்கும் ஒரு கட்சி வேண்டுமே. வருஷா வருஷம் ஐந்து நாட்டார் மோதிக்கொள்ளும் போட்டி அது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரான்சு, வேல்ஸ் என்று மத்தியாஸ் படித்துக்கொண்டே வர, கடைசிப் பெயரில் தாணுலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்று என்றால் வேல். ஒன்றுக்கு மேற்பட்டால், இங்கிலீஷ் இலக்கணப்படி, வேல்ஸ்.

“அது ஒரு நாடுவே. முருகனுக்கும் அதுக்கும் ஒரு பந்தமும் கிடையாது” என்றார் மத்தியாஸ்.

“பேருல ஒரு காரியம் இல்லாமலா போவும்? நான் வேல் கட்சி. எழுதி வச்சுக்கிடும்.”

துரைக்குச் சீமையிலிருந்து பத்திரிகைக் கட்டு கப்பலில் வரும். கொச்சியில் இறங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறி, மலையேறி வந்து சேர ஒரு மாதம் ஆகும். துரை படித்து முடித்ததும் கட்டு டிஸ்பென்சரிக்குப் போகும். மருந்துப்பொடி மடக்குவதற்கு மத்தியாஸ் அதைச் சதுரம் சதுரமாக வெட்டி வைப்பார். எஸ்டேட்டில் யாருக்குக் காய்ச்சல் அடித்தாலும் இங்கிலாந்துச் சமாசாரத்தில் மடக்கிய பொடியைத்தான் வாயில் கொட்டிக்கொள்ள வேண்டும். நாட்டுப் பத்திரிகை எதுவும் அந்த மலைக்கு ஒழுங்காக ஏறியதில்லை. தாளில் கத்திரி விழுவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், இருவரும் டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்து விளையாட்டுப் பக்கத்தை எழுத்தெழுத்தாகத் தின்று தீர்ப்பார்கள்.

பந்தயத்துக்குக் காசு வைப்பது இருவருக்கும் பிடிக்காது. நேர்ச்சைதான் பந்தயம். வேல்ஸ் ஜெயித்தால் மத்தியாஸ் குமாரகோவிலுக்குப் போய் முருகனுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். அயர்லாந்து ஜெயித்தால் தாணுலிங்கம் கோட்டாற்றுச் சவேரியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். நாற்பத்தெட்டிலும் நாற்பத்தொன்பதிலும் அயர்லாந்தே ஜெயித்தது. இரண்டு வருஷமும் தாணுலிங்கம் பஸ் ஏறிப்போய் மெழுகுதிரி கொளுத்தினார். சவேரியாருக்கே தன் முகம் பழகியிருக்கும் என்று அவருக்கு ஒரு கூச்சம்.

ஐம்பதாம் வருஷம் காற்று மாறியது. வேல்ஸ் இங்கிலாந்தை அடித்தது. பிறகு ஸ்காட்லாந்தை ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் அடித்தது. இனி அயர்லாந்தையும் அடித்துவிட்டால், பிரான்சு நீங்கலாக மற்ற மூன்று நாட்டாரையும் வென்றவருக்குச் சொல்லும் ‘மூன்று கிரீடம்’ என்ற பட்டம் கிடைக்கும். அந்த ஆட்டம் மார்ச் பதினோராம் தேதி.

மார்ச் பதினோராம் தேதி வந்தது, போனது. ரப்பர் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, செம்பு நிறத்தில் புதுத் தளிர் விட்டிருந்தன. தாணுலிங்கத்துக்கு அந்த நாட்களே ஒரு மாதிரி கனவாக இருந்தன. அங்கே ஆடி முடித்து, குளித்து, வீட்டுக்குப் போய்விட்டார்கள். இங்கே ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. செய்தி கடலில் மிதந்து வந்துகொண்டிருக்கிறது. அது வந்து சேருகிறவரை வேல்ஸ் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. தோட்டத்தில் நடக்கும்போது காலடியில் சருகு நொறுங்கும் சத்தம்கூட எங்கோ தொலைவில் ஜனங்கள் கைதட்டுவதாகக் கேட்டது.

அந்த இடைவெளியில்தான் அவர் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தார். அவருடைய மனைவி ஓமனாவுக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது ஒன்பது நாள் இருந்தது. மூன்றாவதைப் பற்றி வீட்டில் இருவரும் வாய் திறப்பதே இல்லை. ஓமனா தொட்டில் கயிற்றைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. சும்மா சும்மா அவர் முகத்தையே பார்ப்பாள். அவர் முகத்தில் பயம் இருந்தால் அவளுக்கும் பயம். பங்குனி மாதத்து ஒரு சாயங்காலம் தாணுலிங்கம் மத்தியாஸிடம் சொல்லிவிட்டார்.

“கம்பவுண்டரே, நான் மனசுல ஒண்ணு நேந்துட்டேன். வேல்ஸ் மூணு கிரீடமும் எடுத்தா எனக்குப் பிள்ளை தங்கும்.”

“என்ன கிறுக்குவே இது? பந்தடிக்கதுக்கும் பிள்ளைக்கும் என்ன?”

“நேந்தது நேந்ததுதான். இனி மாத்த முடியாது.”

மத்தியாஸ் கொஞ்ச நேரம் கத்திரியைத் திறந்து திறந்து மூடினார். “நல்லாருக்குவே நீரு செய்த வேலை. இனிம அயர்லாந்து ஜெயிக்கணும்ண்ணு நான் எப்பிடி ஜெபம் பண்ணுவேன்?” என்றார்.

பத்திரிகைக் கட்டு சித்திரை பிறக்கும் முன்பே வந்துவிட்டது. துரை வழக்கத்துக்கு மாறாக இரண்டே நாளில் அதைக் கீழே அனுப்பிவிட்டார். தாணுலிங்கம் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை. ஆபீசைப் பூட்டாமல்கூட டிஸ்பென்சரிக்கு ஓடினார். மத்தியாஸ் வாசலிலேயே நின்றிருந்தார்.

“வேல்ஸ் ஆறு. அயர்லாந்து மூணு. ரெண்டு ட்ரை போட்டிருக்கானுவ” என்றார் ஒரே மூச்சில். “முப்பத்தொம்பது வருசத்துக்குப் பொறவு கிரீடம். போதுமா?”

தாணுலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பேப்பரை எடும். என் கண்ணால படிக்கணும்” என்றார்.

“பேப்பர் இல்லவே. வெட்டியாச்சு.”

“வெட்டியாச்சா? எல்லாத்தையுமா?”

“பொடி மடக்க ஆள் வந்து நின்னா நான் என்ன செய்ய? உமக்காக வச்சுக்கிட்டு இருப்பேனா?”

தாணுலிங்கம் கட்டைப் புரட்டிப் பார்த்தார். குதிரைப் பந்தயம் இருந்தது, சந்தை நிலவரம் இருந்தது. அந்த வாரத்துத் தாள்கள் மட்டும் துண்டு துண்டாகக் கிடந்தன. தாணுலிங்கத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது, அல்லது புரிந்ததாக நினைத்துக்கொண்டார். தோல்வி தாங்கவில்லை மனிதருக்கு. அதை இன்னொருவன் சத்தம் போட்டு வாசிக்கக் கேட்கும் தெம்பு இல்லை.

விடுவாரா? அன்றிலிருந்து மத்தியாஸுக்கு ‘தோத்தாங்குளிக் கம்பவுண்டர்’ என்று பெயர் வைத்தார். ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளிகளிடம் சொன்னார், பஸ் கண்டக்டரிடம் சொன்னார், பேறு பார்க்கும் ராகேலிடமும் சொன்னார். அயர்லாந்து தோற்ற செய்தியைப் பொடி மடக்கி ஊராருக்கே குடிக்கக் கொடுத்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மத்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். பந்தயப்படி அடுத்த வெள்ளிக்கிழமையே குமாரகோவிலுக்குப் போய் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். டிஸ்பென்சரி அலமாரிக்கு மேலே இருந்த சவேரியார் படத்தின் முன்னால் ஞாயிறுதோறும் ஒரு மெழுகுதிரி எரிய ஆரம்பித்தது. “அடுத்த வருசத்துக்கு இப்பவே நேர்ச்சையா?” என்று தாணுலிங்கம் அதற்கும் ஒரு கேலி போட்டார்.

வீட்டில் அவர் வேறு ஆளாக இருந்தார். தொட்டில் கயிற்றை அவரே எடுத்து வெயிலில் போட்டார். சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தார்.

“உங்களுக்கு என்ன ஆச்சு? ஒரே சிரிப்பா இருக்கிய” என்றாள் ஓமனா.

“ஒண்ணும் ஆவாது ஓமனே. எனக்குத் தெரியும்.”

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறு நிறையச் சோறு உண்டாள்.

சித்திரை கடைசியில், நல்ல கோடை மழை பெய்த ஒரு காலையில், ராகேல் பேறு பார்க்கப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் வந்தது. தாணுலிங்கம் அன்று முழுக்கத் தொட்டிலை விட்டு நகரவில்லை. பத்தாம் நாள் காலையில் குழந்தை வீறிட்டு அழுதபோது அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் இடுப்பில் கறுப்பு நூல் கட்டுகிற சடங்கு. அதற்கு முந்தின நாள் மாலை, மத்தியாஸை அழைக்கத் தாணுலிங்கம் டிஸ்பென்சரிக்குப் போனார். அவர் தொழிலாளர் லயத்தில் யாருக்கோ ஊசி போடப் போயிருந்தார். கதவு திறந்தே கிடந்தது. சவேரியார் படத்தின் முன்னால் மெழுகுதிரி காற்றில் அணைந்து சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைக்கலாம் என்று கையை நீட்டியபோது, படத்துக்கு அடியில் மடித்து வைத்த தாள் ஒன்று தட்டுப்பட்டது. பத்திரிகைத் தாள். வெட்டாத முழுத் தாள். விரித்துப் படித்தார்.

வேல்ஸ் ஜெயித்த மறுநாள், அயர்லாந்துக்கு ஆட்டம் பார்க்கப் போன வேல்ஸ் ஜனங்கள் ஒரு விமானத்தில் ஊர் திரும்பியிருக்கிறார்கள். இறங்க வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விமானம் வயலில் விழுந்துவிட்டது. எண்பது பேர் செத்துப்போனார்கள். மூன்று பேர் பிழைத்தார்கள்.

தாணுலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்து அதை மறுபடியும் படித்தார். எண்பது பேர். தன்னைப்போலவே வேல் கட்சி. கிரீடம் கிடைத்த சந்தோஷத்தில் பாடிக்கொண்டே வந்திருப்பார்கள். சித்திரை பிறக்கும் முன்பே இது தெரிந்திருந்தால்? நேர்ந்த வெற்றி இப்படி வந்து முடிந்தது என்று தெரிந்திருந்தால் தன் முகம் எப்படி இருந்திருக்கும்? ஓமனா அந்த முகத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியாஸ் உள்ளே வந்தார். தாளையும் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு, குடையை மூலையில் சாத்தினார்.

“மெழுகுதிரி இவங்களுக்கா?” என்றார் தாணுலிங்கம்.

“ம்.”

“ஏன்வே எனக்குச் சொல்லல்லே?”

“சொன்னா நீரு தோத்துப் போவீருல்லா.”

தாணுலிங்கம் தாளைக் கீழே வைத்தார். “தோத்தாங்குளிண்ணு ஊரு முழுக்கச் சொல்லிட்டேனே” என்றார்.

“சொன்னா என்ன? அயர்லாந்து தோத்தது நெசம்தானே.”

தாணுலிங்கம் எழுந்து, தீப்பெட்டியைத் தேடி எடுத்து, மெழுகுதிரியை நிமிர்த்திக் கொளுத்தினார். வெளியே ரப்பர் மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் யாரோ நிறையப் பேர், அவசரமில்லாமல், வீடு திரும்பிக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

“நாளைக்கு என் பிள்ளைக்கு நூலு நீருதான் கெட்டணும்” என்றார்.

“அப்பன்லாவே கெட்டணும். நான் எப்பிடி?”

“இத்தன நாளும் எனக்குப் பின்னால வந்தது நீருதான். பின்னால வாறவனுக்குத்தான் குடுக்கணும்ண்ணு நீருதான சொல்லித் தந்தீரு.”

மத்தியாஸ் தாளைப் பழையபடி மடித்துப் படத்தின் அடியில் வைத்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.