இருமல் போட்ட உப்பு

நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சும் முகைதீன் பாய் உப்புப் பார்க்க நாக்கைத் தொடுவதில்லை. நோன்பு வைத்துக்கொண்டு எப்படி ருசி பார்ப்பது? அண்டா மூடியைத் திறப்பார், கண்ணை மூடி ஆவியை ஒரு இழு இழுப்பார், இன்னும் ஒரு கை உப்பு வேண்டும் என்பார். கொடைக்கானலிலேயே மூக்கால் உப்புப் பார்க்கிறவர் தான் ஒருவர்தான் என்று அவருக்கு ஒரு கெத்து. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பூண்டுக் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்துவாகிய நான் இதை வருஷா வருஷம் கேட்டு நொந்தவன்.

இந்த வருஷம் டூரிஸ்ட்டுகளோடு சளிக் காய்ச்சலும் மலையேறி வந்தது. தெருவில் பாதிப் பேர் படுத்து எழுந்தோம். எனக்கு இருமல் மட்டும் மிச்சம். பாய்க்கு மூக்கும் போய் நாக்கும் போய்விட்டது. வெள்ளனே கடைக்கு வந்தவர் ஒரு மலைப்பூண்டை நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமே தெரியல மாப்ள. வெளிய தெரிஞ்சா கரண்டி ரஷாத் கைக்குப் போயிரும்."

ரஷாத் அவருடைய அக்கா மகன், வத்தலக்குண்டில் கல்யாணச் சமையல் செய்கிறவன். பாய்க்கு வயசாகிவிட்டது, இனி அவனே காய்ச்சட்டும் என்று ஜமாத்தில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. பாய்க்கோ அந்த ஒரு மாதம்தான் வருஷம் முழுக்கத் தெம்பு. பாவமாக இருந்தது. நோன்பில்லாத நான் ருசி பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். ஆட்கள் நிற்கும் இடத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. நான் இருமினால் இன்னும் ஒரு கை உப்பு, பேசாமல் இருந்தால் உப்பு போதும் என்று ஏற்பாடு. இருமல்காரனிடம் போய் இருமலை அடையாளமாக வைத்த புத்திசாலிகள் நாங்கள்.

சாயங்காலம் அண்டாவுக்குப் பின்னால் நின்று ஒரு மடக்குக் குடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. இஞ்சிக் காரம் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. இருமினேன். பாய் கம்பீரமாக முகர்ந்துவிட்டு ஒரு கை போட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர்தான் கண்ணை மூடியிருந்தாரே. என் இருமல் நிற்கவில்லை, அவர் கையும் நிற்கவில்லை.

நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். கஞ்சியை வாயில் வைத்ததும் பாதி வரிசைக்கு விழி பிதுங்கியது. மீதி வரிசை நிம்மதியாகக் குடித்தது. யார் யாருக்குக் காய்ச்சலில் நாக்கு போனது என்று டெஸ்ட் எடுக்காமலே தெரிந்துவிட்டது. பாயும் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஜமாத் தலைவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பரிமாற வந்திருந்த ரஷாத்தைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீயே காய்ச்சுகிறாயா என்று கேட்டார். ரஷாத் என்னைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

"மாமா போட்டது தெரியாம நானும் உப்புப் போட்டுட்டேங்க. தப்பு என்மேலதான்."

தலைவர் அவனைத் திட்டிவிட்டுப் போனார். பாயின் முகம் வெளிறிவிட்டது. அண்டா கழுவும்போது ரஷாத்திடம் கேட்டார்.

"ரொம்ப உப்பாடா?"

"இன்னும் தண்ணி குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். நாளைக்கு நான் மோந்து சொல்றேன் மாமா, நீங்க காய்ச்சுங்க."