கண்ணாடியில் ஒட்டிய கீலம்

புஸ்பவதி படிவத்தில் பொய் எழுதினாள். அவள் மட்டுமல்ல, வகுப்பிலிருந்த ஐந்து தமிழரும் எழுதினார்கள்.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் வேலை முடித்த பெரியவர்கள் பின்னேரத்தில் போய்ப் படிக்கிற கல்லூரி அது. ஜெர்மன்காரர் அதை ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே என்பார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்குச் சுளுக்கிவிடும் என்று எங்கள் ஆட்கள் பின்னேரப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2009 மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே கவிசா என்றொரு பிள்ளை வந்தாள். பீலெஃபெல்டில் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகத்தில் படிப்பவள். ஆசிரியை பிரிங்மன், முதியோர் இல்லத்து வேலைக்குத் தேவையான ஜெர்மனைத் தானே பாடத்தாளாக எழுதி இணையத்தில் போட்டு வந்தார். அந்தத் தாள்களால் யாருக்கு என்ன பலன் என்பதே கவிசாவின் ஆராய்ச்சி.

அவள் கொடுத்த படிவத்தில் நாலு கேள்விகள். தாள்களைப் பாவிக்கிறீர்களா? பிரதி எடுத்தீர்களா? வகுப்புக்கு வெளியே யாருக்கும் கொடுத்தீர்களா? எதையாவது மாற்றினீர்களா?

பக்கத்துக் கதிரையிலிருந்த யோகலிங்கம் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரிச் சொன்னார்: "எல்லாத்துக்கும் நைன் போடுங்கோ. இல்லையெண்டு."

"பாவிக்கிறதுக்குமோ அண்ணை?"

"பாவிக்கிறம் எண்டால் எங்கயிருந்து எண்டு கேப்பாள். முதல் கேள்வியிலயே கதவைச் சாத்துங்கோ."

யோகலிங்கம் அகதியாக வந்த வருடம் விசாரணையில் ஒரு திகதியை மாற்றிச் சொன்னவர். ஒன்பது வருடம் கழித்து அந்தத் திகதி வேறொரு கந்தோரில், வேறொரு மேசையில் எழும்பி வந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து கடதாசியில் அவர் எதற்கும் 'ஓம்' என்று போட்டதில்லை. புஸ்பவதியும் நாலு பெட்டியிலும் 'இல்லை' என்று புள்ளடி போட்டாள்.

உண்மை நடேசனின் பலசரக்குக் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. கடைக் கணினியில் நடேசன் ஒவ்வொரு தாளையும் ஒரேயொரு தரம் இறக்குவார். புஸ்பவதி அதன் ஓரத்தில் தமிழில் விளக்கம் எழுதுவாள். பிறகு பழைய போட்டோக்கொப்பி மெஷின் இரைந்து இரைந்து பிரதி தள்ளும். ஹம்மில் பாதி, மீதி டோர்ட்மண்டுக்கும் பீலெஃபெல்டுக்கும். கோழித் தொழிற்சாலையில் நிற்கிற பெண்கள், சலவையில் நிற்பவர்கள், இரண்டு வேலைக்கு ஓடுவதால் வகுப்புக்கு வர ஏலாதவர்கள் எல்லாரும் கடலைமாவோடும் கருவாட்டோடும் அதை ஒரே பையில் கொண்டுபோனார்கள்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு ஜெர்மன் வரி, அதன் முன்னால் வட்டத்துக்குள் எழுத்து. முதல் நாளே நடேசன் அதைக் கண்டுவிட்டார். "வட்டத்துக்குள்ள எழுத்து இருந்தால் அது சட்டம். கொப்பி அடிச்சால் பிடிப்பம் எண்டு போட்டிருக்கிறாங்கள்." உடனே ஒரு வெள்ளைக் கடதாசிக் கீலத்தை வெட்டி, மெஷின் கண்ணாடியில் அந்த வரி விழுகிற இடத்தில் ஒட்டினார். அதன்பிறகு வந்த பிரதிகளில் அடிவரி இல்லை. அந்த வரியை ஒருவரும் வாசித்ததும் இல்லை.

இரண்டு கிழமை கழித்துக் கவிசா திரும்பி வந்தாள். முகம் வாடியிருந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் மேலங்கி மாட்டும்போது புஸ்பவதியிடம் வந்தாள்.

"அன்ரி, ஒண்டு கேக்கட்டே? அந்தத் தாள் கஷ்டமோ? ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை? இந்த ஊரில இருந்து ஒரே ஒரு கொம்பியூட்டர்தான் இறக்கியிருக்கு. படிவத்திலயும் எல்லாரும் நைன்."

புஸ்பவதி மேலங்கிப் பொத்தானைப் பூட்டினாள்.

"தாள் எழுதத்தான் கல்லூரிக்காரர் பிரிங்மனுக்குக் கிழமைக்கு மூண்டு மணித்தியாலம் விட்டிருக்கினம். என்ரை அறிக்கையைப் பாத்துத்தான் அது தொடருமோ எண்டு முடிவெடுப்பினம். ஒருத்தருக்கும் பலனில்லை எண்டுதான் நான் எழுத வேணும், அன்ரி."

அப்படி எழுதினால் பதினெட்டாம் தாளோடு எல்லாம் நின்றுவிடும். ஆனியில் ஜெர்மன் சோதனை. இன்னும் பன்னிரண்டு தாள் வரவேண்டும்.

புஸ்பவதி பதினொரு வருடமாக முதியோர் இல்லத்தில் கக்கூஸ் கழுவுகிறாள். குளோரின் தின்று விரல் நுனியில் ரேகை இல்லை. சோதனை பாஸ் பண்ணினால் வாளியை வைத்துவிட்டுப் பராமரிப்பு உதவியாளராக வரலாம் என்று தலைமைத் தாதி சொல்லியிருந்தாள். போன மாதம் ஒரு கிழவி கட்டிலில் கிடந்து எதையோ முனக, ஒன்பதாம் தாளில் படித்த சொல் காதில் தட்டியது. இடுப்பெலும்பு. ஓடிப்போய்த் தாதியிடம் சொன்னாள். "நல்லாக் கவனிச்சாய்" என்றாள் தாதி. பதினொரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

சனிக்கிழமை கடைக்குப் போய், "நான் போய்ச் சொல்லப்போறன்" என்றாள்.

நடேசன் வெட்டிக்கொண்டிருந்த பூசணிக்காயில் கத்தி அப்படியே நின்றது. "விசரோ உமக்கு? கடைக்குச் சீல் வைச்சிடுவாங்கள்!"

"சீல் வைச்சால் வைக்கட்டும். தாள் நிண்டால் எனக்கு வாளிதான்."

மிளகாய்த்தூள் வாங்க வந்த யோகலிங்கம் இடையில் விழுந்தார். "பிள்ளை, உண்மையைச் சொல்ல வெளிக்கிட்டால் எங்க நிப்பாட்டுவீர்? ஒண்டைச் சொன்னால் மற்றதையும் கேப்பாங்கள். என்ரை திகதியைக் கேப்பாங்கள்."

"உங்கடை திகதியை ஆர் அண்ணை கேட்டது? இருபது வருசமாய் அதைத் தூக்கிக்கொண்டு திரியுறியள். ஒருக்கால் கீழ வையுங்கோ."

அவள் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த மூலத்தாள்களையும் கொஞ்சப் பிரதிகளையும் எடுத்துப் பையில் போட்டாள். நடேசன் பின்னால் வந்து, மெதுவாக, "என்ரை பேரைச் சொல்லாதையும்" என்றார்.

"ஏலாது அண்ணை. கடைப்பேர் ஒவ்வொரு பையிலயும் இருக்கு."

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு முன்னால், பிரிங்மனும் கவிசாவும் நின்ற மேசையில் புஸ்பவதி அவற்றை வைத்தாள். சொல்ல வேண்டிய ஜெர்மன் முழுவதையும் பஸ்ஸில் பாடமாக்கியிருந்தாள். வாய் திறந்ததும் எல்லாம் ஓடிவிட்டது. தமிழில்தான் வந்தது: "பிள்ளை, நாங்கள் கள்ளமாய்க் கொப்பி அடிச்சனாங்கள். நாலு கேள்விக்கும் பொய் எழுதினனாங்கள். தண்டனை என்னெண்டாலும் எனக்குத் தரச் சொல்லு. தாளை நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லு."

கவிசா ஒரு பிரதியை எடுத்தாள். ஓரமெல்லாம் தமிழ். அடியில் வெறுமை. "இஞ்ச ஒரு வரி இருக்குமே, எங்க அன்ரி?"

"அதுக்குக் கீலம் ஒட்டினனாங்கள். சட்டம் எண்டு."

கவிசா மூலத்தாளை எடுத்து அடிவரியில் விரல் வைத்து, தமிழாக்கி மெல்ல வாசித்தாள். "இந்தத் தாளை எவரும் பிரதி எடுக்கலாம். மாத்தலாம். பிறருக்குக் கொடுக்கலாம். எழுதினவரின்ரை பேரை மட்டும் மறைக்கக் கூடாது."

அந்த வரியின் கடைசியில் இருந்தது பிரிங்மனின் பெயர்.

புஸ்பவதிக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. செய்யலாம் என்று சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் ஒளித்துச் செய்திருந்தார்கள். செய்யக்கூடாத ஒன்றை மட்டும் கீலம் வெட்டி, பசை பூசி, ஒழுங்காகச் செய்திருந்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். கதிரையில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கவிசா ஜெர்மனில் சொல்லி முடித்ததும் பிரிங்மன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு ஓரத்துத் தமிழைக் காட்டி, இது என்ன, யார் எழுதியது, அடுத்த தாளில் தானும் இதைச் சேர்க்கலாமா என்று கேட்டார்.

புஸ்பவதியிடம் ஒரு ஆசிரியை அனுமதி கேட்கிறார். "சேர்க்கலாம்," என்றாள் ஜெர்மனில். கொஞ்சம் யோசித்து, "என்ரை பேரைப் போட வேணும்," என்றும் சேர்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை கடையில் சனம் நெரிந்தது. கவிசா புதிய படிவங்களோடு மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தாள். டோர்ட்மண்டில் இருந்து ரயிலேறி ஒரு கூட்டம் வந்தது. முருங்கைக்காய்க் கட்டின் மேல் வைத்து எழுதினார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் வைத்தும் எழுதினார்கள். கோழித் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி, ஆறாம் தாளில் மருந்தளவு பிழை என்று தான் திருத்தி வைத்திருந்ததைக் கொண்டுவந்து காட்டினாள். பிழை மெய்தான். பின்னேரம் கவிசா எண்ணிப் பார்த்தாள். நாற்பத்துமூன்று பேர்.

"ஒரு கொம்பியூட்டர், நாப்பத்துமூண்டு பேர்!" என்று சிரித்துக்கொண்டு கூவினாள். "அன்ரி, என்ரை அறிக்கையை முதல்ல இருந்து எழுத வேணும்!"

"அழவேண்டிய விசயத்துக்கு ஏன் பிள்ளை சிரிக்கிறாய்?" என்று கேட்டபடி நடேசன் மெஷின் மூடியைத் திறந்து கீலத்தை உரித்தார். பசை காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி, தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுத்தார்.

யோகலிங்கம் கடைசியாக வந்தார். ஒரு மூலையில் நின்று நெடுநேரம் எழுதினார். படிவத்தை வாங்கிப் பார்த்த கவிசா தலையில் கைவைத்தாள். இந்த முறை அவர் எல்லாப் பெட்டியிலும் 'ஓம்' போட்டிருந்தார். புதிதாகச் சேர்த்த ஐந்தாம் கேள்விக்கும்தான்: தாள்கள் பயனற்றவை என்று நினைக்கிறீர்களா?

"அங்கிள், இதுக்கு நைன் போட வேணும்!"

"இனி என்னால நைன் போட ஏலாது, பிள்ளை," என்றார் யோகலிங்கம். "இப்பதான் ஓம் பழகியிருக்கிறன்."

புஸ்பவதி அவர் கையிலிருந்து பேனையைப் பிடுங்கி, இன்னொரு படிவத்தை நீட்டினாள். "வாங்கோ அண்ணை, இதில இருங்கோ. ஒவ்வொண்டா வாசிச்சுப் போடுவம்."