ஜன்னலின் ஒரு கதவு

ஜெர்மனியிலிருந்து எங்கள் கிரேக்கக் கிராமத்துக்குக் குடிவந்தவள் ஹெட்விக். கணவர் இறந்ததிலிருந்து அவள் ஜன்னலைத் திறக்கவேயில்லை. நான் போய் வாசல் கதவைத் தட்டி உள்ளே போனேன்.

"ஊருக்கே திரும்பிப் போறியாடி?"

"தெரியலக்கா. ஒண்ணுமே தோணல."

"இங்க ஜன்னல் மூடிக் கெடந்தா விக்கிற வீடுன்னு அர்த்தம். ஆடு மேய்க்கிற லெஃப்டெரிஸ் இந்த வீட்டுக்கு என்கிட்ட விலை கேக்கறான். வாங்கினான்னா நீ படுக்கிற எடத்துல ஆட்டைக் கட்டுவான்."

"திறந்தா?"

"வேற வீடு பாப்பான்."

அவள் எழுந்து, ஏதோ பாத்திரத்தை நகர்த்துவதுபோல, ஜன்னலின் ஒரு கதவை மட்டும் தள்ளினாள். வெயில் மேசைவரை வந்தது.

"இன்னொண்ணு?"

"அது அவர் திறக்கிறது."

"சரி, இருக்கட்டும். நாளைக்கும் இதைத் திறப்பியா?"

"திறக்கறேன்."

குரலில் எதுவும் இல்லை. மறுநாள் காலையில் அந்த ஒரு கதவு திறந்திருந்தது. லெஃப்டெரிஸ் வந்து நின்றான்.

"பாதிதானே திறந்திருக்கு?"

"பாதி போதும்டா. உள்ள ஆள் இருக்கு" என்றேன்.