எத்தனை பேர் தெரியறாங்க, டீச்சர்?

கணக்கு டீச்சர் கீழே விழுந்ததற்கு முழுக் காரணம் கணக்கு டீச்சர்தான். சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஆறு மாதத்துக்குக் கடல் கடந்து வந்தவள், அரை, கால், முக்கால் வரைந்த அட்டையை மாட்ட பெஞ்சு மேல் ஸ்டூல் போட்டு ஏறினாள். "பாத்து டீச்சர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "எனக்கே சொல்றீங்களா?" என்று கம்பீரமாகத் திரும்பினாள். அடுத்து அவள் பார்த்தது ஆஸ்பத்திரிக் கூரையில் இரண்டு மின்விசிறி. இருந்ததென்னவோ ஒன்று.

ஊரிலிருந்து கணவன் போன் செய்தான். "ஏம்மா, வீட்ல ஒட்டடை அடிக்கச் சொன்னா தலை சுத்துதும்ப. அங்க போய் ஸ்டூல்ல ஏறினியா?"

"இப்ப நிஜமாவே சுத்துது. வைங்க போனை."

டாக்டர் கறாரான ஆள். "தலைக்குள்ள பாக்கற மெஷின் இங்க இல்ல. நாளைக்கும் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா உங்க ஊருக்கு அனுப்பிடுவேன்." பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. அந்தப் பள்ளியில் கணக்குக்கு வேறு நாதி இல்லை.

மறுநாள் காலை கண் விழித்தாள். ஒரு விசிறி. ஒரு ஜன்னல். ஒரு நர்ஸ்; அந்த நர்ஸ் ஒன்றே அதிகம். அப்பாடா என்று எழுந்து உட்கார்ந்தபோது, கடைசி பெஞ்சு வாலு எட்டிப் பார்த்தாள். இரண்டாக.

அதே சடை, அதே ஓட்டைப் பல், அதே பூப்போட்ட கவுன். டீச்சர் ஒரு கண்ணை மூடினாள். இரண்டு. மறு கண்ணை மூடினாள். அப்போதும் இரண்டு. பின்னாலேயே டாக்டர் வந்தார்.

"வாசல்ல எத்தனை பேர் தெரியறாங்க, டீச்சர்?"

இரண்டு என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார். "ஒண்ணு."

"நல்லாப் பாருங்க."

"ஒண்ணே ஒண்ணு, டாக்டர். என் க்ளாஸ் வாலு."

டாக்டரின் முகம் மாறியது. "அங்க ரெண்டு பேர் நிக்கறாங்கம்மா. இருங்க, டார்ச் எடுத்துட்டு வரேன்."

அவர் போனதும் வாலுகள் கட்டிலை நெருங்கின.

"இவ எங்கக்கா, டீச்சர். அஞ்சு நிமிஷம் முன்னாடி பொறந்தா. ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டுதான்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்களா, அதான் ஒரு நாள் நான், ஒரு நாள் இவ."

"சேந்து வந்ததே இல்ல. நீங்க செத்துட்டீங்கன்னு பசங்க சொன்னாங்க. அதான் ஓடி வந்துட்டோம்."

டீச்சருக்கு மறுபடி தலை சுற்றியது. திங்கட்கிழமை வகுத்தலை வெளுத்து வாங்கியவள், செவ்வாய்க்கிழமை பாதி என்றால் என்ன என்று முழித்தாளே! தனக்குச் சொல்லிக்கொடுக்கவே வரவில்லையென்று டீச்சர் ஒருநாள் அழுதுகூட இருக்கிறாள். இப்போது சிரிப்பதா, இரண்டு பேர் காதையும் திருகுவதா?

வராந்தாவில் பள்ளி ஆபீஸ் அம்மாவின் குரல் கேட்டது. வாலுகளில் ஒன்று சட்டென்று கட்டிலுக்கு அடியில் புகுந்தது. ஆபீஸ் அம்மா கையில் ஒரு தாள்: டாக்டர் கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை விமானம்.

"கடைசியாக் கேக்கறேன்," என்றார் டார்ச்சோடு திரும்பி வந்த டாக்டர். "உங்களப் பாக்க எத்தனை பொண்ணுங்க வந்தாங்க?"

"ஒண்ணுதானே நிக்குது?" என்றாள் ஆபீஸ் அம்மா. "என்ன டாக்டர், தூங்கி எத்தனை நாளாச்சு?"

இரண்டு என்றால் டீச்சர் இருக்கலாம்; ஒருத்திக்குப் பள்ளி போய்விடும். ஒன்று என்றால் டீச்சர் போக வேண்டும். இவ்வளவு சின்னக் கணக்கு அவளை இவ்வளவு படுத்தியதே இல்லை.

"ஒண்ணு," என்றாள்.

டாக்டர் பெருமூச்சுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நின்றிருந்த வாலு உதட்டைக் கடித்தது. பிறகு குனிந்து, அக்காவைக் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தது. "டீச்சர் பொய் சொல்றாங்க! ரெண்டு பேர்! அவங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, அனுப்பாதீங்க!"

ஆபீஸ் அம்மா பொத்தென்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். "ரிஜிஸ்டர்ல இருக்கறது யாருடி?"

"நான்," என்றன இரண்டும்.

ஆபீஸ் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியுது, டாக்டர்."

டாக்டர் அந்தத் தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தார். "கொஞ்சம் தள்ளிப் படுங்க டீச்சர். இந்தம்மாவையும் அட்மிட் பண்ணணும்."