மேல் பெட்டி சூடாய் இருக்கோ?

பெண்சாதி எதையாவது குறை சொன்னால் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிட ஆண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு மட்டும் அது வராமல் போய்விட்டது. கொம்பியூட்டருக்குள் சுற்றும் விசிறி மூக்கடைத்த ஆள் நித்திரை கொள்வதுபோல் இரைகிறது என்று லீலாதேவி ஒருநாள் வாய்தவறி அலுத்துக்கொண்டாள். மனிதர் அன்றிலிருந்து பல மாதம் அந்த விசிறியின் பின்னால் அலைந்தார்.

அவருடைய பெயரை முழுதாகச் சொல்ல ஒருவருக்கும் பொறுமை இல்லை, எல்லாருக்கும் சிறீதான். பேராதனையில் பொறியியல் பீடத்து ஆய்வுகூடத்தில் வேலை. லீலாதேவி வீட்டிலிருந்தபடியே கண்டி நகரத்து அச்சகம் ஒன்றுக்குக் கொம்பியூட்டரில் தமிழ் எழுத்துக் கோத்துக் கொடுத்தாள். கலியாணக் கார்ட்டுகளும் வரும், செத்தவர்களின் நினைவாக முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்களும் வரும். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எது அதிகம் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே கொம்பியூட்டர் காலையிலிருந்து பொழுதுபடும்வரை ஓடும், விசிறியும் இரையும்.

சிறீ கண்டுபிடித்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை என்று அவரே சொல்வார். கொம்பியூட்டரின் மூளைபோன்ற அந்தச் சின்னச் சில்லுத்தான் கொதிக்கும். அதன்மேல் ஒரு சின்னச் செப்புப் பெட்டி வைத்து, பற்றறிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரை அதற்குள் நிரப்பினார். சூடான தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தானாகவே மேலே ஏறும். அங்கே, தகடு தகடாக விரிந்த இன்னொரு செப்புப் பெட்டியில் காற்றுப் பட்டு ஆறும். ஆறின தண்ணீர் பாரம் கூடி, மற்றக் குழாய் வழியாகக் கீழே இறங்கும். தண்ணீரைத் தள்ளுவதற்கு மோட்டர் இல்லாமல் எப்படி என்று லீலாதேவி கேட்டதற்கு, தேத்தண்ணிக் கேத்திலுக்குள் தண்ணீர் சுழல யார் மோட்டர் வைக்கிறார்கள் என்று கேட்டார். மேல் பெட்டியை பிலிமத்தலாவையில் செப்பு வேலை செய்கிற கடையொன்றில் சொல்லி அடிப்பித்தார். அதற்கு ஒரேயொரு நிபந்தனை இருந்தது. அது உயரத்தில், திறந்த காற்றில் இருக்கவேண்டும்.

பூட்டி முடித்த அன்று, விசிறியைக் கழற்ற முன்னரும் கழற்றின பின்னரும் மைக் வைத்து அறையின் சத்தத்தைக் கொம்பியூட்டரிலேயே பதிந்தார். வித்தியாசத்தை நிரூபிக்க வேண்டுமாம், யாருக்கென்று தெரியாது. இரண்டாவது பதிவில் தகரத்தில் மழை சொட்டுகிறது, பேராதனை வீதியில் தூரத்தில் ஒரு பஸ் கோர்ன் அடிக்கிறது, லீலாதேவியின் கரண்டி கோப்பையில் படுகிறது. "சீனி போடவே?" என்று அவள் கேட்கிறாள். "உஷ்" என்கிறார் சிறீ. பிறகு கடைசிவரை மழையும் அவருடைய மூச்சும் மட்டும். விசிறி ஓடின முதலாவது பதிவில் மூச்சு இருந்த இடமே தெரியாது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் பிறந்த கையோடு தாயாருடைய கண் ஒப்பரேசனுக்கென்று சிறீ யாழ்ப்பாணம் போனார். அடுத்த கிழமை வந்துவிடுவேன் என்றார். போய்ச் சேர்ந்த சில நாட்களுக்குள் முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு இருந்த ஒரே தரைப்பாதை பூட்டுப்பட்டது. கப்பலில் வருவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு நின்ற சனமோ ஊர்த் திருவிழாவுக்குக் கூடினதுபோல் நின்றது. கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் இருந்த ஒரு பகல் ஓட்டம் ஒரே நாளில் சீமைத் தூரமாகிவிட்டது.

ஞாயிறு காலையில், ஊரடங்கு தளர்ந்ததும், சிறீ தங்கள் ஊர்க் கொமினிகேஷன் கடையில் வரிசையில் நின்று கோல் எடுப்பார். ஆளுக்குக் கொஞ்ச நேரந்தான். அதுவும் யார் ஒட்டுக்கேட்கிறார்களோ என்ற பயத்தில் மனதில் இருப்பதை ஒருவரும் பேசுவதில்லை. எப்ப வருவீங்கள் என்று கேட்கவே பயம். ஆகவே சிறீ தாயாரின் கண்ணைப் பற்றிச் சொல்வார், கண்டியில் மழையோ என்பார், பிறகு தவறாமல் கேட்பார்:

"மேல் பெட்டி சூடாய் இருக்கோ?"

"ஓம், சூடாய்த்தான் கிடக்கு."

ஒட்டுக்கேட்டவன் ஒருவன் இருந்திருந்தால் இது என்ன சங்கேதமோ என்று மண்டையைப் பிய்த்திருப்பான். சங்கேதந்தான். மேல் பெட்டி சூடாய் இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, தண்ணீர் ஓடினால் எல்லாம் சரி. லீலாதேவி அதற்குப் பிறகு கொம்பியூட்டரை நிறுத்துவதையே விட்டுவிட்டாள். வேலை இல்லாத பொழுதிலும் திரையை மட்டும் அணைத்துவிட்டு அதை ஓடவிடுவாள். ஹந்தானை மலையிலிருந்து பனி இறங்குகிற காலைகளில் செப்புத் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். ஆளில்லாத வீட்டில் சூடாக இருந்தது அதுவொன்றுதான். இரண்டாவது பதிவைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினால், சிறீ பக்கத்துக் கதிரையில் இருந்து மூச்சு விடுவார்.

சரஸ்வதி பூசை வந்தது. மேல் வீட்டில் இருந்தவர் இராசமணி அக்கா, வீட்டுக்காரி. அவருடைய கணவருக்குக் கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. பூசை நாளில் தொழில் செய்கிற சாமான் ஒவ்வொன்றுக்கும் ஓய்வு கொடுக்கவேண்டும் என்பதில் அக்கா கண்டிப்பானவர். கடைத் தராசையும் தையல் மெசினையும் துடைத்துப் பொட்டிட்டுத் துணி போர்த்தி முடித்ததும், கீழ் வீட்டுப் பிள்ளையின் நினைவு வந்தது. புருஷன் இல்லாமல் தனியே கிடக்கிற பிள்ளை, அதற்குத் தொழில் கொடுக்கிற பெட்டி பூசை இல்லாமல் கிடக்கலாமா? லீலாதேவி அச்சுப் பிழை திருத்தின தாள்களைக் கொடுக்க நகரத்துக்குப் போயிருந்தாள். அக்காவிடம் ஒரு சாவி இருந்தது. உள்ளே வந்தார். திரை கறுப்பாய்க் கிடந்தது, பெட்டியில் ஒரு முனகல்கூட இல்லை. செப்புத் தகட்டுக்குச் சந்தனம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, தன் கலியாணத்துச் சிவப்புப் பட்டுச் சீலையை எடுத்து, மேலிருந்து கீழ்வரை பக்குவமாகப் போர்த்திவிட்டுப் போனார்.

காற்றுப் படாத மேல் பெட்டிக்கு ஆற வழியில்லை. ஏறின சூடு ஏறினபடியே நின்றது. செப்புக் குழாய்களை இணைத்த றப்பர் இளகி, பூட்டு நழுவி, தண்ணீர் முழுவதும் சில்லு இருந்த போர்ட்டின்மேல் ஊற்றுப்பட்டது. லீலாதேவி வந்து பட்டைத் தூக்கியபோது கருகின மணமும் சந்தன மணமும் கலந்து வந்தன.

"சத்தமே இல்லையேம்மா, தூங்குதுன்னுதான் நெனச்சுப் போத்திவிட்டேன்" என்று இராசமணி அக்கா அழுதார். அவர் அழுத அழுகையில் லீலாதேவிக்குத் தன் அழுகையைப் பின்போட வேண்டியதாயிற்று. பேசவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை. பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் போர்த்திய மனுசியை என்னவென்று ஏசுவது?

நகரத்தில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருந்த ரபீகா, திகனவிலிருந்து வருகிறவள், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டுச் செய்தி சொல்வதுபோல் உதட்டைப் பிதுக்கினாள். "போர்ட் மௌத்தாப் பெயித்து, லீலா. அல்லாட காவல், டிஸ்க் மட்டும் தப்பிட்டு." புதுப் போர்ட் போட்டாள். சிறீயின் செப்புப் பெட்டி அதில் பொருந்தவில்லை. அதனால் விசிறி ஒன்றைப் பூட்டினாள், பழையதைவிடப் பெரிய விசிறி. செப்புக் குழாய்களையும் மேல் பெட்டியையும் லீலாதேவி துடைத்து அலுமாரிக்குள் சீலைகளுக்கிடையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டாவது பதிவைப் போட்டாள். பதிவு பத்திரமாக இருந்தது. பஸ் கோர்ன் கேட்டது, கரண்டி கேட்டது, "உஷ்" கேட்டது. அதற்குப் பிறகு வரவேண்டிய மூச்சு வரவில்லை. இந்த அறையில் இப்போது இரைகிற விசிறி அதை விழுங்கிவிட்டது. காதுக்குள் செருகுகிற ஸ்பீக்கரை ரபீகாவிடம் வாங்கி வந்தும் பார்த்தாள். மூச்சு அவளுடைய தலைக்குள் கேட்டது. அவளுக்கு அது பக்கத்துக் கதிரையில் கேட்கவேண்டும். காதிலிருந்து கழற்றி எறிந்துவிட்டு, பிரேதத்தின் தலைமாட்டில் இருப்பவளைப்போல் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து அழுதாள்.

ஞாயிறு வந்தது.

"மேல் பெட்டி சூடாய் இருக்கோ?"

"ஓம், சூடாய்த்தான் கிடக்கு."

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. அங்கே அடைபட்டுக் கிடக்கிற மனிதருக்கு, நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன ஒரேயொரு பொருளும் போய்விட்டது என்று எப்படிச் சொல்வாள்? கார்த்திகை போய் மார்கழி வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கேட்டார், அவள் சொன்னாள்.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை ரபீகா ஏதோ அலுவலாக ஃபோன் எடுத்தவள், கதையை நிறுத்திவிட்டு, அந்த விசிறி ஏன் இப்படி இரைகிறது, தூசு பிடித்துவிட்டதோ என்று கேட்டாள். லீலாதேவி விசிறியைத் திரும்பிப் பார்த்தாள். ஃபோன் இருப்பது கொம்பியூட்டர் மேசையில். கண்டி நகரம்வரை கேட்கிற இரைச்சல் யாழ்ப்பாணம்வரை கேளாதா? அடுத்த ஞாயிறு, மணி அடிக்கும் முன்னரே கொம்பியூட்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

அன்றைக்குத்தான் சிறீயின் பேச்சில் ஏதோ குறைந்தது. லைன் சரியோ என்று இரண்டு தரம் கேட்டார். வீட்டில்தானே நிற்கிறீர் என்றார். மேல் பெட்டியைப் பற்றிக் கேட்டார், அவள் சொன்ன மறுமொழிக்கு "ம்" மட்டும் போட்டார். அடுத்த கிழமை அதைவிடக் குறைவு. அதற்கடுத்த கிழமை தாயாரின் கண்ணைப் பற்றிக்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். தூரம் போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மனதாலும் தூரம் போவார்கள் என்று லீலாதேவி கேள்விப்பட்டிருக்கிறாள். பாதையைப் பூட்டினவர்களை ஏசலாம். இதற்கு யாரை ஏசுவது? ஞாயிறு வரவேண்டும் என்று ஏங்கின ஏக்கத்தோடு, வந்துவிடப் போகிறதே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மாசியில் ஒரு ஞாயிறு. இருவரும் மழையைப் பற்றிப் பேசி முடித்திருந்தார்கள். மேல் பெட்டியைக் கேட்பார் என்று அவள் பொய்யைத் தயாராக வைத்திருந்தாள்.

"லீலா, அந்த விசிறியை ஏனப்பா இப்ப நிப்பாட்டி வைக்கிறீர்?"

எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பூசை, பட்டு, தண்ணீர், அலுமாரிக்குள் கிடக்கிற செம்பு, மாதக்கணக்காகச் சொன்ன பொய். சொல்லி முடித்துவிட்டு அவருடைய கோபத்துக்குக் காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாத சத்தமே அது? பூசை முடிஞ்ச ஞாயிறே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு கிழமையும் கேட்டனீங்கள்?"

"சூடாய்த்தான் கிடக்கெண்டு நீர் சொல்லுறதைக் கேக்கத்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை பொழுதுபட்டால் ஒரு சைக்கிள் போற சத்தம் இல்லை, லீலா. நாய்கூடக் குரைக்கப் பயப்பிடுது. சத்தமில்லாமல் இருக்கவேணும் எண்டு பாடுபட்டனான், இப்ப போதும் போதுமெண்டு இருக்கு. அந்த விசிறி இரைஞ்சுதெண்டால் எங்கடை அறை, நீர் அதிலை இருந்து வேலை செய்யிறீர். நீர் அதையும் நிப்பாட்டிப் போட்டீர். ஒருக்கால் போட்டுவிடுமன்."

லீலாதேவி குனிந்து பொத்தானை அழுத்தினாள். விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது. ரிசீவரை அதனருகே பிடித்து, தானும் மேசையில் தலையைச் சாய்த்துக் காதை ரிசீவரோடு வைத்துக்கொண்டாள்.

"கேக்குதோ?"

"உஷ்" என்றார் சிறீ.

மேசை அதிர, விசிறி இரைந்தது. அந்த இரைச்சலுக்குள்ளும், ரிசீவருக்குள்ளிருந்து, மூக்கடைத்த ஆள் ஒருவர் மூச்சு விடுவது கேட்டது. சிறீ அழுகிறார் என்று அவளுக்கு விளங்கியது. கொமினிகேஷன் கடையில் அடுத்து நின்றவர் கதவைத் தட்டும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை.